முந்நூற்று ஒன்பதாவது படுகை

கடம்பூத்துக்கு வெளியாள் வந்து இரண்டு வருடமும் நாலு மாதமும் ஆகியிருந்தது. அதனால், ஆடிக்காற்றில் முதுகில் ஒரு பையும் கையில் நீளமான கம்பியுமாக ஒருவன் சரிவில் ஏறி வருவதைப் பார்த்தபோது சுருளிவேலுக்குத் தன் கண் மேலேயே சந்தேகம் வந்தது. கையிலிருந்த கல்லைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"யாருய்யா அது?"

குரல் கரகரத்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசி மூன்று நாளாகியிருந்தது.

"என் பேரு இம்தியாஸ்ண்ணே. மண் வாரியத்துலேர்ந்து வர்றேன், தரைச் சோதனைக்கு." வந்தவன் மூச்சு வாங்கினான். "இங்க குடியிருப்பே இல்லேன்னுல்ல எங்க பதிவுல இருக்கு?"

"நான் இருக்கேன்ல."

இம்தியாஸுக்கு முப்பது வயதிருக்கும். கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு, கம்பியைத் தரையில் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டு சரிவு முழுவதும் நடந்தான். உச்சியிலிருந்து ஓடை வரைக்கும் படிப்படியாக இருபத்து மூன்று கல்வரப்புகள். ஒவ்வொன்றின் பின்னாலும் முழங்கால் ஆழத்துக்குக் கரிய மண் தேங்கி, அதில் சாமையும் துவரையும் நின்றன. திரும்பி வந்தபோது அவன் முகமே மாறியிருந்தது.

"யாருண்ணே போட்டது இதெல்லாம்?"

"மொத ஆறு வரப்பு ஊரோட சேந்து போட்டது. அப்புறம் ஒவ்வொரு வீடாக் கெளம்பிட்டாக. மிச்சத்த நாந்தேன் போட்டேன்."

"ஒத்தையாவா?"

"பதினோரு வருசமாச்சு."

இம்தியாஸ் பையிலிருந்து திரையை எடுத்து மடியில் விரித்தான். மலை முழுவதும் அதில் சின்னச் சின்னத் துண்டுகளாகத் தெரிந்தது. சில சிவப்பு, சில மஞ்சள். ஓரத்தில் ஒரு துண்டு மட்டும் அடர்ந்த பச்சை.

"ஒரு ஓடைக்கு எங்கெல்லாம் இருந்து தண்ணி வடியுதோ அதெல்லாம் ஒரு படுகைண்ணே. இந்த மலைய முந்நூத்திப் பன்னெண்டு படுகையாப் பிரிச்சிருக்கோம். மேல சுத்துற செயற்கைக்கோள் பத்து நாளைக்கு ஒருக்கா எல்லாத்தையும் பாக்கும். சரிவு எவ்வளவு, மழை எவ்வளவு, செடி கொடி எவ்வளவு, போன தடவைக்கு இந்தத் தடவை தரை எத்தனை விரல் எறங்கியிருக்கு, எல்லாம். எங்க மண்ணு அதிகமாப் போகுதோ அது ஒண்ணாம் நம்பர். அப்படியே வரிசையா."

"நம்ம எத்தனாவது?"

"முந்நூத்தி ஒம்போது."

வரிசையைப் பற்றிச் சுருளிவேலுக்குத் தெரியாமல் இல்லை. கீழேயிருந்த பெரிய அணையில் வண்டல் மூடி, மூன்று கோடை தொடர்ந்து பட்டணங்கள் தண்ணீருக்கு அலைந்த பிறகுதான் அது வந்தது. ஆனால் தன் ஊருக்கும் அதில் ஒரு எண் இருக்கும் என்று அவன் நினைத்துப் பார்த்ததில்லை.

"மொத நாப்பதுக்குத்தான் வரப்புப் போடக் குழு போகும்," என்றான் இம்தியாஸ். "குழு போற எடத்துக்குத்தான் பஸ், நர்ஸு, ரேஷன், பள்ளிக்கூடம் எல்லாம் போகும். நாப்பத்தி ஒண்ணுக்கு ஒண்ணும் கெடையாது. எல்லாருக்கும் குடுக்க ஆள் பத்தலண்ணே."

"அப்ப நல்லா வச்சிருக்கறவனுக்கு ஒண்ணும் இல்லையா?"

"மண்ணு போகலேன்னா ஆபத்து இல்லேன்னு அதுக்கு அர்த்தம். ஏன் போகலேன்னு அது கேக்காது." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான். "நான் வந்ததே அதுக்குத்தான். இந்தச் சரிவுல மண்ணு கொறையணும். கொறையல, கூடுது. மெஷின் தப்பாப் பாக்குதோன்னு என்னைய அனுப்பினாங்க."

"நான் போட்டதுன்னு எழுதுவீகளா?"

"அதுக்கு எடம் இல்லண்ணே. சரியா, தப்பான்னு ரெண்டே கட்டம்தான். சரின்னு போட்டுட்டுப் போவேன்."

கிளம்பும்போதுதான் சுருளிவேல், தன் மனைவியும் வாரியத்தில்தான் இருக்கிறாள் என்று சொன்னான். பதினேழாம் குழுவின் தலைவி தவமணி. இம்தியாஸ் அப்படியே நின்றுவிட்டான். "தவமணியக்கா வீட்டுக்காரரா நீங்க? வெறுங்கண்ணாலயே மட்டம் பாப்பாங்கண்ணே அவங்க. ஆவாரங்கரட்டுலதான இருக்காங்க?"

"ஆமா. கடம்பூத்து நாப்பதுக்குள்ள வந்தா எந்தக் குழு வரும் தம்பி?"

"கிட்டக்க இருக்கற குழு. பதினேழுதான் வரும். ஆனா இது எங்க வரப்போகுது? மேல் வரப்பு ஒடஞ்சாத்தான் உண்டு." சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு இறங்கினான். அவன் தலை புதருக்குள் மறையும் வரை சுருளிவேல் பார்த்துக்கொண்டு நின்றான். அதன் பிறகு காற்றுச் சத்தம் முன்பைவிடப் பெரிதாகக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் உச்சிப்பாறையில் ஏறி நின்றால் கைபேசிக்கு இரண்டு கோடு கிடைக்கும். தவமணி கூப்பிடுவாள். அந்த ஞாயிறும் கூப்பிட்டாள். அவள் குரலுக்குப் பின்னால் யார் யாரோ சிரித்தார்கள், பாத்திரம் உருண்டது, ஒரு குழந்தை எதற்கோ அழுதது. அந்தச் சத்தங்களுக்காகவே அவன் பேச்சை வளர்த்தான்.

"சாப்டீகளா மாமா?"

"ஆச்சு. அங்க என்னா ஒரே சிரிப்பு?"

"வீரணன் ஆட்டுப்பால் கொண்டாந்திருக்காரு. இங்க ஆட்டுக்கெடை போட்டிருக்காருல்ல, அவரு. அவரு கத சொல்ல ஆரம்பிச்சா ஒருத்தி வேல பாக்க மாட்டா." அவளும் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இந்தப் பொங்கலுக்கு வர முடியாது போலருக்கு மாமா."

"போன பொங்கலுக்கும் இதத்தேன் சொன்ன."

"நீங்க இங்கிட்டு வாங்கன்னா வரமாட்டேங்கிறீக."

"நான் வந்துட்டா மண்ணு போயிருமே."

"போனாப் போகுது மாமா. எத்தன நாளைக்கு ஒத்தையில கெடப்பீக?"

அவள் அதை ஆற்றாமையில்தான் சொன்னாள். ஆனால் பாறையிலிருந்து இறங்கும்போது அந்த இரண்டு வார்த்தைகள் மட்டும் அவனோடு இறங்கின. போனாப் போகுது. ஒரு ஆளுக்கு உலை வைக்கும்போதும், சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்க்கும்போதும், காய்ச்சலில் இரண்டு நாள் கிடந்து தானாகவே எழுந்து தண்ணீர் எடுக்கப் போனபோதும் அவை கூடவே வந்தன.

புரட்டாசி கடைசியில் ஒரு காலை, பழைய சோற்றைக் குடித்துவிட்டு, கடப்பாரையை எடுத்துக்கொண்டு மேல் வரப்புக்குப் போனான். ஐந்து இடத்தில் கல்லைப் பெயர்த்தான். ஊரே கூடி இரண்டு கோடையில் போட்ட வரப்பு அது. உச்சி வெயிலுக்குள் வேலை முடிந்துவிட்டது. இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து கை கழுவினான். மறுபடியும் கழுவினான்.

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்தது. முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம், மேல் வரப்பின் ஐந்து வாய்களிலும் புகுந்த தண்ணீர் அடுத்த வரப்பைத் தள்ளியது. அது அதற்கடுத்ததை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அவன் பார்த்துக்கொண்டிருந்தான். பதினோரு வருடம் கூடை கூடையாகச் சேர்ந்த மண், சாமையும் துவரையும் நின்றபடியே நகர்ந்து ஓடைக்குள் இறங்கியது. தண்ணீரின் நிறம் மாறிக்கொண்டே போனது. நாலாம் நாள் மழை விட்டபோது சரிவின் பாதியில் பாறை தெரிந்தது. அவன் அழவில்லை. இதை மேலே இருந்து பார்த்திருக்கும், பார்த்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான்.

அது பார்த்திருந்தது. கார்த்திகை பிறந்த மறுநாள் லாரிகளின் சத்தம் கேட்டது. முதல் வண்டியிலிருந்து தவமணி குதித்தாள். சரிவைப் பார்த்தவள் அப்படியே நின்றாள். "என்னா மாமா இப்படி ஆயிப்போச்சு?" என்று அவன் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள். கடம்பூத்து இப்போது வரிசையில் ஒன்பதாவது.

அதன் பிறகு வந்த மூன்று மாதம் சுருளிவேலுக்குக் கல்யாணமான புதிதுபோல் இருந்தது. நாற்பது பேர் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். வாரம் இரண்டு முறை பேருந்து வந்தது. நர்ஸ் அவன் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு உப்பைக் குறைக்கச் சொன்னாள்; அந்தத் திட்டுகூட இனித்தது. வேலை முடிந்து தவமணி சேறு காலோடு வீட்டுக்குள் வருவாள், அவன் வெந்நீர் எடுத்து வைப்பான். பொங்கலுக்கு வாசலில் கோலம் விழுந்தது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று கையை நிறுத்திவிட்டு, வீரணன் செத்துப்போனதைச் சொன்னாள். கார்த்திகைக் கடைசி மழையில் ஆவாரங்கரட்டில் மண் சரிந்து கிடையை மூடிவிட்டதாம். முப்பது ஆடும் அவரும். "அந்த மெஷின நாசமாப் போகன்னு வைஞ்சேன் மாமா," என்றாள். அவன் ஐயோ பாவம் என்று சொன்னான். மனதாரத்தான் சொன்னான். அந்தச் சரிவுக்கும் தனக்கும் ஒரு தொடர்பு இருக்கும் என்று அப்போதும் அவனுக்குத் தோன்றவில்லை.

மாசியில் கீழ் வரப்புகளை எடுத்துக் கட்டிவிட்டுக் குழு மேலே ஏறியது. ஒரு நாள் முற்பகலில் தவமணி ஆள் அனுப்பி அவனை மேல் வரப்புக்கு வரச் சொன்னாள். மற்றவர்களைக் கஞ்சி குடிக்க அனுப்பியிருந்தாள். அவள் மட்டும் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, தண்ணி ஒடச்சா கல்லு எங்கிட்டு விழுகும்?"

"கீழ."

"இந்தா, இந்த நாலு கல்லும் வரப்புக்கு மேல்பக்கம் கெடக்கு. அஞ்சு வாயிலயும் அப்படித்தேன் கெடக்கு." ஒரு கல்லைத் திருப்பிக் காட்டினாள். விளிம்பில் கடப்பாரை பட்ட வெள்ளைத் தழும்பு இருந்தது. "தண்ணி கல்ல மேல தூக்கிப் போடுமா?"

அவன் அந்தத் தழும்பைக் கட்டைவிரலால் தடவினான். "நீ வரணும்னுதேன் தவமணி," என்றான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"நாப்பதுன்னா நாப்பதுதேன் மாமா. ஒண்ணு உள்ள வந்தா ஒண்ணு வெளிய போகணும். கடம்பூத்து உள்ள வந்த அன்னைக்கு எது வெளிய போச்சுன்னு என்னைக்காச்சும் கேட்டீகளா? நாங்க எங்கேருந்து வந்தோம்?"

அவன் கேட்டதில்லை.

"ஆவாரங்கரடு நாப்பதாவதா இருந்துச்சு. மேல குழி வெட்டி முடிச்சிருந்தோம். கீழ வரப்புப் போடணும். இன்னும் மூணு வாரம் போதும். மூணு வாரம் குடுங்கன்னு எழுதிக் கேட்டேன். நாப்பத்தி ஒண்ணு ஆயிருச்சு, கெளம்புன்னு உத்தரவு வந்துச்சு. வெட்டுன குழியில பூராவும் தண்ணி நின்னு, ஊறி, அப்படியே எறங்கிருச்சு. ஒண்ணுமே செய்யாம விட்டிருந்தாக்கூட அந்தக் கரடு நின்னிருக்கும்." அவள் எழுந்தாள். "நான் மெஷின வைஞ்சுக்கிட்டு இருந்தேன்."

சுருளிவேல் கீழே உட்கார்ந்துவிட்டான்.

"இத எழுதுனா உங்கள இங்கேருந்து வெளியேத்துவாக. படுகையவும் வரிசையிலேர்ந்து எடுத்துருவாக. இவ்வளவு பேரு பாத்த வேலையும் போயிரும்." அவள் திரையை எடுத்து, காரணம் என்ற இடத்தில் 'மழை' என்று பதிந்தாள். "பதிமூணு வருசத்துல மொதப் பொய்யி," என்றாள்.

அதற்குப் பிறகு மூன்று நாள் அவள் சோறு போட்டாள், துணி துவைத்தாள், பேசவில்லை. வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். வெளியே நாற்பது பேர் இருந்தார்கள். தனியாகக் கிடந்த பதினோரு வருடத்தில் இல்லாத தனிமை அந்த மூன்று நாளில் இருந்தது. நாலாம் நாள் காலை அவன் ஒரு பையில் இரண்டு வேட்டியையும் போர்வையையும் வைத்தான், மம்பட்டியையும் கடப்பாரையையும் தோளில் போட்டான். தவமணி வாசலில் நின்று பார்த்தாள். எங்கே என்று கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

ஆவாரங்கரட்டில் பத்தொன்பது வீடு. பதினெட்டு பூட்டிக் கிடந்தன. கடைசி வீட்டில் செல்லக்கிளி இருந்தாள், வீரணனின் மனைவி. சரிந்த மண்ணுக்கு அடியில் புருஷன் கிடக்கும்போது எங்கே போவது என்று இருந்துவிட்டாள். உடம்பை எடுக்க முடியவில்லை. வழி முழுவதும் சுருளிவேல் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டுதான் வந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அது மறந்துபோயிற்று. வாசலுக்கு வெளியே நின்றபடியே, புரட்டாசி காலையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"பொண்டாட்டி வேணும்னு இங்க உள்ளவளத் தாலியறுத்துட்ட," என்றாள்.

"ஆமாத்தா."

"இப்ப எதுக்கு வந்த? அழுகவா?"

"வரப்புப் போட."

அவள் சரிவைப் பார்த்தாள். "கல்லு பூராம் கீழ கெடக்கு. ஏத்துறதுன்னா ஏத்து. எங்கிட்ட பேசாத." கதவைச் சாத்திக்கொண்டாள்.

பூட்டிய பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் படுத்துக்கொண்டான். விடிந்ததும் கல் ஏற்றுவான். ஒரு நாளைக்கு எட்டு முழம் வரப்பு ஆயிற்று. சில நாள் அதுவும் இல்லை. இந்த இடத்துக்கு எண் என்ன என்று அவன் யாரையும் கேட்கவில்லை. முதல் மாதம் தண்ணீருக்கு ஓடை வரை இறங்கி ஏறினான். இரண்டாவது மாதம் ஒரு நாள், வரப்பின் முனையில் ஒரு பானைத் தண்ணீர் வைத்திருந்தது. மறுநாளும் இருந்தது. செல்லக்கிளி வைப்பதையோ எடுப்பதையோ அவன் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கும்படி திரும்பி நின்று வேலை செய்தான். இங்கே கைபேசிக்கு ஒரு கோடும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் யாரைக் கூப்பிடுவது?

ஆனி மாதக் கடைசியில் இம்தியாஸ் வந்தான். இந்த முறை அவனைப் பார்த்துச் சுருளிவேல் ஆச்சரியப்படவில்லை, இம்தியாஸும் ஆச்சரியப்படவில்லை. இருவரும் ஆறாவது வரப்பின் மேல் உட்கார்ந்தார்கள்.

"சரிஞ்ச மண்ணு ஓடைக்குப் போகாம அடியிலயே நின்னதால இது நாப்பத்தி ஒண்ணுலயே கெடந்துச்சுண்ணே, இப்ப நூத்தி இருபத்தேழுக்கு எறங்கிருச்சு. ஆபீஸ்ல நம்பல. மெஷின் தப்பாப் பாக்குதா, போய்ப் பாருன்னாங்க." பாட்டிலிலிருந்து தண்ணீர் குடித்தான். "சரின்னு போட்டுட்டேன்."

"இனி ஒருத்தரும் வரமாட்டாக."

"வரமாட்டாங்க."

சுருளிவேல் தலையாட்டினான். கீழே செல்லக்கிளியின் கூரைக்கு மேலே அடுப்புப் புகை எழும்பியது. நேராகக் கேட்க முடியாமல், "கடம்பூத்துல எப்படி இருக்காக எல்லாரும்?" என்றான்.

"நேத்து அங்கதான் இருந்தேன். வரப்பெல்லாம் முடியப்போகுது. அக்கா கூடாரத்துக்குப் போகல, வீட்டுலதான் இருக்காங்க. ஒத்தையா." இம்தியாஸ் சரிவைப் பார்த்துக்கொண்டே பேசினான். "மாசியிலேர்ந்து இந்தப் படுகைப் படம் வந்த அன்னைக்கே தெறந்து பாத்திருக்காங்கண்ணே. பத்து நாளைக்கு ஒருக்கா. அவங்க குழுவுக்கும் இதுக்கும் இப்ப சம்பந்தமே கெடையாது. மொதல்ல படத்துல வரப்பு ஒரு கோடாத் தெரியும், அடுத்த படத்துல ஒண்ணரைக் கோடு, அதுக்கடுத்ததுல ரெண்டு. மொதக் கோட்டப் பாத்தப்பவே நீங்கதான்னு தெரிஞ்சிருச்சாம்."

சுருளிவேல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். விரல் நகங்கள் இரண்டு கருத்திருந்தன.

"ஏதும் சொன்னாளா?"

"சொன்னாங்க. நான் இங்க வர்றேன்னதும் மொதல்ல ஒண்ணுமே பேசல. பஸ் ஏறப் போறப்ப ஓடி வந்தாங்க. நாலாவது வரப்பு மேக்கால கடைசியில ஒரு சாண் எறங்குதாம். மட்டம் தப்பிருச்சாம். ஐப்பசித் தண்ணி அங்கதான் ஒடைக்கும், பிரிச்சுக் கட்டச் சொல்லுன்னாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாண்ணே."

சுருளிவேல் எழுந்து நாலாவது வரப்புக்கு இறங்கினான். மேற்கு முனையில் மண்டியிட்டு, கன்னம் கல்லில் படும்படி தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வரப்பின் நெடுகப் பார்த்தான். அப்படியே அசையாமல் கிடந்தான். இம்தியாஸ் பயந்துபோய் இறங்கி வந்தான்.

"என்னண்ணே?"

"ஒரு சாண் இல்ல தம்பி. நாலு வெரல்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்தான். "அடுத்தாப்ல அது எப்பப் பாக்கும்?"

"செவ்வாய்க்கிழமை. காலையில பத்து மணி வாக்குல."

அன்று சனி. சுருளிவேல் கடப்பாரையை எடுத்து வந்து, மேற்கு முனையின் கடைசிக் கல்லை நெம்பினான்.